காசு கொடுத்து வாங்கும் குட்டியா, காப்பகத்து நாயா: ஒரு சென்னைக் கணக்கு

சென்னையில் ஒரு லேப்ரடார் குட்டி சுமார் 10,000 ரூபாய்க்கும் கிடைக்கிறது, 30,000 ரூபாய்க்கும் கிடைக்கிறது. தத்து கொடுப்பவர்களிடம் நாட்டு நாய்க் குட்டியைக் காசில்லாமலே தூக்கிக்கொண்டு வரலாம். இந்த மூன்றில் எது மலிவு என்று குட்டியின் விலையை வைத்துச் சொன்னால் கணக்கு தப்பாகிவிடும். முதல் வருடம் முடியும்போது பையிலிருந்து எவ்வளவு போயிருக்கும் என்று பார்த்தால்தான் படம் தெளியும். கீழே சொல்லும் தொகைகள் சுமாரானவை. பேட்டைக்குப் பேட்டை மாறும்.

முதலில் மோசமான வழி. போனில் படம் அனுப்பி, "வித்தவுட் பேப்பர்னா பத்தாயிரம் கம்மி சார், குட்டி அதே லைன்தான்" என்று விற்கும் வகை. பேப்பர் என்பது இந்தியக் கென்னல் கிளப், அதாவது கே.சி.ஐ. தரும் வம்சாவளிச் சான்று. அது இல்லாவிட்டால் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுவதற்கு ஒரு காகிதம் குறைவு, அவ்வளவுதானே என்று தோன்றும். உண்மையில் குறைவது வேறு. தாய் நாய்க்கு வயது என்ன, எத்தனை முறை ஈன்றது, அப்பனும் அம்மாவும் நெருங்கின ரத்தமா என்று கேட்டால் காட்டுவதற்கு எதுவும் இருக்காது. 2017-இல் வந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி, வளர்த்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. விற்கும் முன் தடுப்பூசியும், அடையாள எண் உள்ள மைக்ரோசிப்பும் போட்டிருக்க வேண்டும். பேப்பர் இல்லாத விற்பனையில் இந்த மூன்றுமே பெரும்பாலும் இருப்பதில்லை.

எட்டு வாரத்துக்கு விதி ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறது? முப்பது, முப்பத்தைந்து நாளில் விற்றுவிட்டால் விற்பவருக்கு மிச்சம் அதிகம். தடுப்பூசிச் செலவு இல்லை, தீவனச் செலவு இல்லை, குட்டியும் உள்ளங்கையில் அடங்கும் அழகில் இருக்கும். வாங்குபவருக்குத்தான் சங்கடம். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி ஆறாவது வாரத்தை ஒட்டிக் குறையத் தொடங்கும். நோயைத் தடுக்கப் போதாத அளவுக்கு அது இறங்கிய பிறகும், தடுப்பூசியை வேலை செய்யவிடாமல் தடுக்கும் அளவுக்கு மிச்சம் இருக்கும். அந்த இடைவெளியில் நுழைவதுதான் பார்வோ என்ற வைரஸ் நோய். ஊசியை ஒரே தடவையில் முடிக்காமல் ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆரம்பித்து, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் வரை போடச் சொல்வதும் இதனால்தான்.

வயதைக் கண்டுபிடிக்க வாயைத் திறந்து பாருங்கள். எட்டு வாரக் குட்டிக்கு 28 பால் பற்களில் பெரும்பாலானவை வந்திருக்கும். முன்பற்களும் கோரைப்பற்களும் மட்டும் எட்டிப் பார்த்து, பின்பக்க ஈறு வழுவழுவென்று இருந்தால் அது எட்டு வாரமே இல்லை. வயிறு மட்டும் பலூன் போல ஊதி, விலா எலும்பு தெரிந்தால் குடற்புழு. ஈறு வெளிறியிருந்தால் புழுவோ உண்ணியோ ரத்தத்தைக் குடித்திருக்கிறது. "ஃபர்ஸ்ட் ஷாட் போட்டாச்சு" என்று நீட்டும் அட்டையில் ஊசிப் புட்டியின் ஒட்டுச்சீட்டும், அதில் தொகுதி (பேட்ச்) எண்ணும், மருத்துவரின் பதிவு எண்ணோடு முத்திரையும் இருக்க வேண்டும். பேனாவில் தேதி மட்டும் எழுதிய அட்டைக்கு மதிப்பில்லை. ஊசியை முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இப்படி வந்த குட்டி நாலைந்து நாளில் சாப்பாட்டை விட்டு, வாந்தி எடுத்து, குப்பென்று நாற்றமடிக்கும் ரத்தக் கழிச்சல் போனால், ஐந்து முதல் ஏழு நாள் டிரிப் ஏற்ற வேண்டிவரும். தனியார் கிளினிக்கில் 10,000 முதல் 25,000 ரூபாய் வரை போய்விடும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் செலவு பல மடங்கு குறைவு, ஆனால் காலையிலேயே போய் வரிசையில் நிற்க வேண்டும். குட்டி பிழைக்காவிட்டால் அதே வீட்டுக்கு உடனே இன்னொரு குட்டியைக் கொண்டுவரவும் கூடாது. பார்வோ கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பினாயில் அதைக் கொல்லாது. ஒரு பங்கு திரவ ப்ளீச்சை முப்பது பங்கு தண்ணீரில் கலந்து, முதலில் அழுக்கைக் கழுவிவிட்டு, பத்து நிமிடம் ஈரமாகவே விட வேண்டும். ஆக, பேப்பர் இல்லாத மலிவுக் குட்டிதான் இந்த ஊரில் கிடைக்கும் வழிகளிலேயே விலை அதிகமானது என்பது எங்கள் தீர்மானம்.

பேப்பரோடு, பதிவு பெற்ற கென்னலில் வாங்கினால்? 25,000 ரூபாய் கொடுப்பவருக்கு அந்தப் பணத்தின் பெறுமதி கிடைக்கலாம், சில விஷயங்களைக் கேட்டு வாங்கினால். தாய் நாயை நேரில் பார்க்க வேண்டும். "அம்மா வேற இடத்துல இருக்கு" என்றால் கிளம்பிவிடலாம். மைக்ரோசிப்பை ஸ்கேனரில் காட்டச் சொல்லுங்கள். தோள்பட்டை நடுவில், தோலுக்கடியில் அரிசி மணி அளவில் இருக்கும். ஸ்கேனரில் வரும் 15 இலக்க எண்ணும் சான்றில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். "பேப்பர் அடுத்த மாசம் வரும்" என்றால் ஒரு பகுதிப் பணத்தையும் அடுத்த மாசமே கொடுங்கள். லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் என்றால் பெற்றோருக்கு இடுப்பு எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாத குறை இந்த இனங்களில் பரம்பரையாக வருவது. இந்தக் கேள்விக்கு "அதெல்லாம் யாரும் கேக்கறதில்ல சார்" என்ற பதிலே அதிகம் வரும். "ஹெவி போன்" (பருத்த எலும்பு), "டபுள் கோட்" (அடர்ந்த ரோமம்), "பஞ்ச் ஃபேஸ்" என்று விலை ஏற்றும் சொற்களுக்குக் கூடுதலாக ஒரு ரூபாய் கூடக் கொடுக்கத் தேவையில்லை. பஞ்ச் ஃபேஸ் என்றால் மூக்கு நசுங்கியது என்று பொருள். சென்னை மே மாதத்தில் அந்த மூக்கால் மூச்சு விடப்போவது நாய்தான்.

வெள்ளை ராஜபாளையம் வாங்குகிறவர்கள் ஒரு சோதனையை மறக்கக் கூடாது. இந்த இனத்தில் பிறவிச் செவிடு உண்டு. குட்டிக்குப் பின்னால் நின்று, தரை அதிராமல், காற்று படாமல், பிளாஸ்டிக் பையைக் கசக்குங்கள். காது திரும்ப வேண்டும். உடன்பிறந்த குட்டிகள் திரும்புவதைப் பார்த்து இதுவும் திரும்பும் என்பதால், தனியாகப் பிரித்து வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது தத்து. 1959-இல் தொடங்கிய கிண்டி புளூ கிராஸ் விலங்கு நல அமைப்பு முதல், தெருவில் கிடந்த குட்டியைத் தூக்கிவந்து வாட்ஸ்அப்பில் படம் போடும் தன்னார்வலர் வரை இதில் பல தரம். நல்ல இடம் என்றால் உங்களையே விசாரிப்பார்கள்: சொந்த வீடா, பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், மொட்டை மாடியில் கட்டிப்போடுவீர்களா. கருத்தடை செய்வேன் என்று எழுதி வாங்குவார்கள். எரிச்சலாக இருக்கும். ஆனால் எதையும் கேட்காமல் குட்டியைக் கையில் திணிப்பவரைவிட இவர்களே மேல். நாளைக்கு ஒத்துவராமல் போனால் திருப்பி எடுத்துக்கொள்வதும் இவர்கள்தான்.

தத்து என்றால் செலவே இல்லை என்று நினைத்தால் முதல் மாதத்திலேயே ஏமாற்றம். குட்டியானால் தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் மற்றதற்கு ஆவது போலத்தான் ஆகும். வளர்ந்த நாயானால் வந்த வாரமே ரத்தப் பரிசோதனைக்கு 1,500 முதல் 2,500 ரூபாய் எடுத்து வையுங்கள். உண்ணிக் காய்ச்சல் உள்ளே ஒளிந்திருக்கலாம். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்திருப்பது ரத்தத்தில்தான் தெரியும். எர்லிக்கியா (உண்ணிக் காய்ச்சல் கிருமி) என்று வந்தால் வழக்கமாக டாக்சிசைக்ளின் மாத்திரை 28 நாள். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுக்கும், பத்தாம் நாள் துள்ளி ஓடுகிறது என்று நிறுத்தினால் திரும்ப வரும். சொறி இருந்தால் தோலைச் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள், வேப்பெண்ணெய் வைத்தியத்தில் மாதங்களை வீணாக்க வேண்டாம். கருத்தடைக்கு முன் தெருவில் திரிந்த நாய்களின் பிறப்புறுப்பில் ரத்தம் கசியும் காலிபிளவர் போன்ற கட்டி வருவதுண்டு. புற்று என்றதும் பயந்து திருப்பி விடுகிறார்கள். வாரம் ஒரு வின்கிரிஸ்டின் ஊசி, நாலு முதல் ஆறு வாரம், பெரும்பாலும் முழுக்கக் குணமாகிவிடும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. ஊசி போட்டதற்கு ஆதாரம் இல்லாத குட்டி விளையாட்டாகக் கடித்து ரத்தம் வந்தாலும், சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெறிநாய்க்கடி ஊசி அங்கே இலவசம். குட்டிதானே என்று விடுவது தப்பு.

இப்போது வருடக் கணக்கு. தீவனம் கிலோ 350 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 30 கிலோ லேப்ரடார் ஒரு நாளைக்கு 350 கிராம் சாப்பிட்டால் மாதம் 10.5 கிலோ, வருடத்துக்கு சுமார் 44,000 ரூபாய். 16 கிலோ நாட்டு நாய்க்கு 220 கிராம் போதும். வருடத்துக்கு சுமார் 28,000. குட்டி விலை 25,000, ஊசியும் மருத்துவரும் 6,000, உண்ணி மாத்திரை 8,400, கருத்தடை 8,000, காலர், சங்கிலி, படுக்கை, தட்டு 4,000 என்று சேர்த்தால் லேப்ரடாருக்கு முதல் வருடம் 95,000 ரூபாயைத் தாண்டும். கருத்தடை முடிந்து வந்த நாட்டு நாய்க்கு எடை குறைவாதலால் மாத்திரை 7,200. மற்ற ஊசி, சாமான் எல்லாம் அதேதான். கூட்டினால் சுமார் 45,000. வீட்டில் சோறும் கோழியும் ஈரலும் வேகவைத்துப் போட்டால் இரண்டுமே குறையும். ஆனால் எடைக்குத் தக்கபடிதான் குறையும். (வெங்காயம் சேர்த்த குழம்பு மிச்சத்தைப் போடாதீர்கள், சமைத்த எலும்பையும்.)

இந்த 50,000 ரூபாய் வித்தியாசத்தில் பாதிதான் குட்டியின் விலை. அது ஒரே தடவையோடு போயிற்று. தீவனத்தில் வரும் 16,000 ரூபாய் ஒவ்வொரு வருடமும் வரும். பத்து வருடத்தில் 1,60,000. ஷிட்சு என்றால் தீவனம் குறைவு, முடி வெட்ட மாதம் 1,000 ரூபாய்க்கு மேல். கோல்டன் ரெட்ரீவர் என்றால் அந்த அடர்ந்த ரோமத்துக்குள் ஈரம் தங்கி, ஐப்பசி மழையில் தோல் புண் வருகிறது. குளிர்நாட்டு நாயான ஹஸ்கிக்கு ஏசி பில்லைத் தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, எது யாருக்கு? முதல் தடவை நாய் வளர்ப்பவர்களுக்கு எங்கள் பரிந்துரை குட்டியே இல்லை: ஒன்றரை, இரண்டு வயதான, கருத்தடை முடிந்த காப்பகத்து நாய். எவ்வளவு பெரிதாகும், குழந்தைகளோடு எப்படி இருக்கும், இரவில் குரைக்குமா என்பதெல்லாம் ஏற்கெனவே தெரிந்திருக்கும். லேப்ரடார்தான் வேண்டும் என்று அடம் பிடிப்பவர்களும் காப்பகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம். வெளிநாடு போகிறவர்களும் வீடு மாறுகிறவர்களும் விட்டுவிட்டுப் போன இன நாய்கள் அங்கே இருக்கும். ஏன் விட்டார்கள் என்று மட்டும் கேளுங்கள். இடுப்பு, தோல் என்றால் மாதச் செலவைக் கணக்குப் போட்டுக்கொண்டு எடுங்கள். வேலைக்கோ போட்டிக்கோ நாய் வேண்டுபவர் பேப்பரோடு கென்னலில் வாங்கட்டும், அதில் எங்களுக்கு வழக்கில்லை.

தத்து எடுத்த நாய் முதல் மாதத்தில் தப்பி ஓடப் பார்க்கும். வெடிச் சத்தத்துக்கு மிரண்டு, காலரைப் பின்பக்கமாக உருவிக்கொண்டு போய்விடும். காலரில் ஒரு சங்கிலி, ஹார்னஸில் (மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை) ஒரு சங்கிலி, இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள். கழுத்துக்கும் காலருக்கும் நடுவே இரண்டு விரல் மட்டும் நுழைய வேண்டும். மாநகராட்சி உரிமத்துக்கு வெறிநாய் ஊசிச் சான்று வேண்டும், சிப்பும் போட்டுக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே சிப் உள்ள நாயைத் தத்து எடுத்தால் அந்த எண் பழைய உரிமையாளர் பெயரிலும் போன் நம்பரிலும் இருக்கும். கையெழுத்துப் போட்ட அன்றே மாற்றச் சொல்லிக் கேளுங்கள். இல்லாவிட்டால் நாய் தொலைந்து யாராவது ஸ்கேன் செய்யும்போது மணி அடிப்பது அதை விட்டுவிட்டுப் போனவருக்கு.