ஒரே டயலில் எல்லாம்: காரில் மாட்டும் 50 வாட் ரிக்

காரில் மாட்டும் இந்த 50 வாட் ஹாம் ரேடியோ செட், அதாவது ரிக், விலை குறைந்திருக்கிறதே, வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். 144–146 மெகாஹெர்ட்ஸ், எஃப்.எம்., 50 வாட் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், அதில் குறையில்லை. ஸ்பீக்கர் சத்தம் பக்கத்தில் லாரி போனாலும் காதில் விழும். எரிச்சல் முழுக்க அந்த டயல் மேல்தான்.

வி.எஃப்.ஓ.வில் (அலைவரிசையை நாமே திருகி வைக்கும் முறை) இருந்தால் அலைவரிசை மாறும். மெமரியில் (சேமித்து வைத்ததை எடுக்கும் முறை) இருந்தால் சேனல் மாறும். மெனுவுக்குள் போனால் வரி நகரும், ஒரு அழுத்து அழுத்தினால் அந்த வரியின் மதிப்பு மாறும். இந்த நான்குக்கும் ஒரே டயல். இப்போது எதில் இருக்கிறோம் என்று சொல்வது திரையோரத்தில் கடுகளவு இருக்கும் ஓர் எழுத்து. வண்டி ஓட்டிக்கொண்டு அதைத் தேடவா முடியும்?

கியர் போடும்போது கை பட்டு ஒரு க்ளிக் நகர்ந்தால் போதும். ஸ்டெப், அதாவது ஒரு க்ளிக்குக்கு நகரும் அளவு, 12.5 கிலோஹெர்ட்ஸில் இருந்தால் 145.600 சத்தமில்லாமல் 145.6125 ஆகிவிடும். ரிப்பீட்டர் (நம் சிக்னலை வாங்கித் தூரத்துக்குத் திரும்ப அனுப்பும் நிலையம்) கரகரவென்று அரைகுறையாகக் கேட்கும். நீங்கள் பேசுவது அங்கே உடைந்து போகும், அல்லது ரிப்பீட்டர் திறக்கவே திறக்காது, அதாவது நம் சிக்னலை ஏற்காது. அண்டெனா, கோஆக்ஸ் கேபிள், கனெக்டர் என்று எல்லாவற்றையும் கழற்றிப் பார்க்கத் தோன்றும். நகர்ந்தது ஒரு க்ளிக்!

தப்பிக்க வழி உண்டு. அலைவரிசை, மைனஸ் 600 கிலோஹெர்ட்ஸ் ஷிஃப்ட் (கேட்பதைவிட அவ்வளவு கீழே அனுப்புவது), டோன் (ரிப்பீட்டரைத் திறக்கும் மெல்லிய ஒலி), பவர் என்று எல்லாவற்றையும் முதலில் வி.எஃப்.ஓ.வில் சரிசெய்துவிட்டு, கடைசியில்தான் மெமரியில் எழுத வேண்டும். எழுதிய பிறகு டோனைப் போட்டால் அது தற்காலிகம்தான், அடுத்த முறை அந்தச் சேனலுக்கு வரும்போது இருக்காது. அப்புறம் லாக் மெனுவில் டயலையும் பட்டன்களையும் மட்டும் பூட்டுங்கள். பி.டி.டி.யையும் (பேசும்போது அழுத்தும் மைக் பட்டன்) சேர்த்துப் பூட்டினால் பேசவே முடியாது. மைக்கின் அப், டவுன் பட்டன்களுக்கு மைக்கிலேயே சின்ன லாக் சுவிட்ச் இருக்கும், அதையும் தள்ளிவிடுங்கள். டி.ஓ.டி.யை (தொடர்ந்து அனுப்பிக்கொண்டே இருந்தால் தானாக நிறுத்தும் டைமர்) 3 நிமிடத்துக்கு வையுங்கள். மைக் சீட் இடுக்கில் மாட்டி பி.டி.டி. அமுங்கிக் கிடந்தால் ரிப்பீட்டரில் உள்ள அத்தனை பேரும் திட்டுவார்கள்.

திரை மட்டும் அருமை. ஆரஞ்சு வெளிச்சத்தில் கறுப்பு எழுத்து, மதிய வெயிலிலும் படிக்கலாம். கறுப்புப் பின்னணியில் எழுத்து ஒளிரும் பகட்டுத் திரைகள் அந்த நேரத்தில் வெறும் கண்ணாடிதான். போலரைஸ்ட் கூலிங் கிளாஸ் போட்டுப் பார்த்தால் சில கோணங்களில் இதுவும் இருண்டுவிடும், தலையைச் சாய்க்க வேண்டியதுதான். கியர் லீவர் பக்கம் தாழ்வாக மாட்டினால் எழுத்து வெளிறும், மெனுவில் கான்ட்ராஸ்டைக் கூட்டினால் சரியாகும்.

யாரும் பேசாத சந்தோஷம் ஒன்று: வோல்டேஜைத் திரையிலேயே காட்டுகிறது. எஞ்சின் ஓடும்போது 13.8 பக்கம் நிற்பது, 50 வாட்டில் பி.டி.டி. அழுத்தியதும் 12க்குக் கீழே விழுந்தால் வயர் மெல்லிசு, அல்லது ஃபியூஸ் ஹோல்டர் தளர்வு. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் இதைச் செருகவே கூடாது. இழுப்பது பத்து ஆம்பியர் பக்கம். பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர் போட்டு, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வையுங்கள்.

இத்தனை நல்லதும் சொல்லிவிட்டு, வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். இன்னும் ஆயிரம் குறைந்தாலும் அதேதான். திரை கொஞ்சம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, சேனலுக்குத் தனி டயல் இருக்கும் ரிக்காகப் பாருங்கள்.