‘முழுக்க ஒரிஜினல்’ பழைய டைவ் வாட்ச் வாங்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டு பணம் அனுப்புங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் “சரி, போகட்டும்” என்று விட்டுவிடுவேன், அந்த ஆள் இதையே அடுத்தவர் தலையில் கட்டுவார். போனது இரண்டு மாதச் சம்பளம். பெயர் போடவில்லை. பழைய கைக்கடிகாரங்கள் மட்டும் விற்கும் ஓர் ஆன்லைன் கடை, பணம் போனது பொதுவான ஒரு விற்பனைத் தளம் வழியாக. அது போதும். எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன், முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

வாட்ச் ஜப்பான் கம்பெனியான சீகோவின் 6309-7040, கடலுக்குள் மூழ்குகிறவர்கள் கட்டும் டைவ் வாட்ச். பழைய வாட்ச் பைத்தியங்கள் டர்ட்டில் என்று செல்லமாகக் கூப்பிடுவது. 1970களின் பின்பாதியில் தொடங்கி 1988 வரை வந்த மாடல். உருண்ட கேஸ், 4 மணிப் பக்கம் திருகி மூடுகிற சாவி, 150 மீட்டர் ஆழம், உள்ளே 17 கல் ஆட்டோமேட்டிக் மெஷின். சாவியை முறுக்கிக் கீ கொடுக்க முடியாது, இழுத்தாலும் விநாடி முள் நிற்காது. ஆடம்பரம் எதுவும் இல்லாத உழைப்பாளி. நிஜமாகவே கடலுக்குள் போய் வந்த வாட்ச் என்பதால்தான் இன்று உருப்படியாக ஒன்று கிடைப்பது கஷ்டம். உப்புத் தண்ணீர் இறங்கி டயல் பொரிந்திருக்கும், முள் துரு ஏறியிருக்கும். யாரும் கைவைக்காத ஒன்று வந்தால் விலை எகிறிவிடும். அந்த எகிறிய விலையைத்தான் என்னிடம் வாங்கினார்கள்.

விளம்பரத்தில் இருந்த வரி: “முழுக்க ஒரிஜினல். டயல், முள், பெசல், சாவி எல்லாம் கம்பெனியில் வந்தபடி. 1978.” (பெசல் என்றால் கிளாஸைச் சுற்றி இருக்கும், திருப்பக்கூடிய வளையம்.) படங்களில் டயல் புள்ளிகள் வெண்ணெய் நிறத்துக்கு மாறியிருந்தன, முள்ளும் அதே நிறம். நாற்பது வருடத்துக்கு மேல் ஆன வாட்ச் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று தோன்றும் நிறம்.

விசாரித்து ஒரு செய்தி போட்டேன், விற்பவரே அழைத்தார். இளவயதுக் குரல், எடுத்ததுமே அண்ணா. “அண்ணா, ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன். பெசல்ல 12 மணி இடத்துல இருந்த முத்து விழுந்துடுச்சு, அது புதுசு. கிளாஸ்ல கீறல், அதையும் மாத்திட்டேன். மத்தபடி எதுலயும் கை வைக்கல. நாளைக்குத் தெரிஞ்சு நீங்க வருத்தப்படக் கூடாதுல்ல?”

இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். கேட்காமலே ஒரு குறையைச் சொல்கிறவர் இன்னொன்றை மறைப்பார் என்று யாருக்குத் தோன்றும்? இந்த வயது வாட்சில் முத்து (இருட்டில் ஒளிரும் சின்னப் புள்ளி) விழுவதும் கிளாஸ் மாறுவதும் சகஜம், அதற்காக யாரும் விலையைப் பெரிதாகக் குறைத்துக் கேட்க மாட்டார்கள். அதைச் சொல்வதால் அவருக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. ஆனால் அதற்குப் பிறகு நாங்கள் பேசியது விசாரணை மாதிரி இல்லாமல் அரட்டை மாதிரி ஆகிவிட்டது. பேச்சோடு பேச்சாகப் பின்மூடியைக் கழற்றி வீடியோவும் அனுப்பினார். மெஷின் மேல் சுழலும் தட்டில் 6309ஏ என்று மெஷினின் எண் இருந்தது. மூடியில் 6309-7040, கூடவே 8இல் தொடங்கும் வரிசை எண். சீகோவின் பழைய எண்களில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். 8 என்றால் 1978ஆகவும் இருக்கலாம், 1988ஆகவும் இருக்கலாம், இந்த மாடலுக்கு இரண்டும் பொருந்தும். அவருக்கு மட்டும் 1978 என்பதில் துளி சந்தேகம் இல்லை.

அந்த வீடியோ பார்க்க நேர்மையாக இருக்கும், நிரூபிப்பது ஒன்றுமில்லை. 6309ஏ மெஷின் டைவ் வாட்சுக்கென்றே செய்ததல்ல. சாதாரண சீகோ 5 வாட்சுகளிலும் அதே மெஷின்தான் ஓடியது, அதனால் உதிரிக்குப் பஞ்சமே கிடையாது. பின்மூடியும் மெஷினும் சரியாக இருந்தால் முன்பக்கத்தைப் பற்றி அவை எதுவும் சொல்லாது. விலை முழுக்க உட்கார்ந்திருப்பதோ முன்பக்கத்தில்.

பணம் அனுப்பினேன். வாட்ச் வந்தது. அன்று இரவே விளக்கை அணைத்ததும் டயல் பச்சையாக எரிந்தது. நடுராத்திரியில் எழுந்து பார்த்தாலும் மணி தெரிகிறது. விடியற்காலையிலும் தெரிகிறது. அப்போதே வயிற்றைக் கலக்கிவிட்டது. இருட்டில் ஒளிரும் அந்தப் பூச்சை நாம் ரேடியம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம் (நிஜ ரேடியம் பூசிய காலம் 1950களோடு, 60களின் தொடக்கத்தோடு கிட்டத்தட்ட முடிந்துவிட்டது). இத்தனை வயதான பூச்சு சோர்ந்துபோயிருக்க வேண்டும். டார்ச் அடித்தால் லேசாக முழித்துப் பார்த்துவிட்டு அணைந்துவிடும். சுவிஸ் வாட்சுகளில் டிரிடியம் என்ற கதிரியக்கப் பொருளைப் பூசியிருப்பார்கள், அதன் அரை ஆயுள் சுமார் 12.3 ஆண்டு, 1970களில் பூசியதில் இன்று மிச்சம் அநேகமாக ஒன்றுமில்லை. இரவெல்லாம் எரிவது 1990களில் வந்த லூமிநோவா வகைப் பூச்சு. 1978இல் செய்த டயலில் அது எப்படி வந்தது?

வாட்ச் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு டயலின் அடி விளிம்பைத்தான் முதலில் பார்த்தார். 6 மணிக்கு இரு பக்கமும் பொடி எழுத்தில் ஜப்பான் என்ற சொல்லும் ஒரு டயல் எண்ணும் இருக்க வேண்டும். என்னையும் பார்க்கச் சொன்னார். எழுத்து இருந்தது, ஆனால் மை ஊறிப் பரவி, எண்ணில் பாதி டயல் ஓரத்தைச் சுற்றிய வளையத்துக்கு அடியில் போய் மறைந்திருந்தது. புள்ளிகளின் வெண்ணெய் நிறம் வயதால் வந்ததில்லை, பூச்சிலேயே கலந்த சாயம். “இது மேல பூசினது இல்ல தம்பி. டயலே புதுசு” என்றார்.

முள்ளைத் தூக்கி டயலைக் கழற்றினார். டயலுக்கு அடியில் இரண்டு சின்னக் கால்கள் இருக்கும், அவை மெஷினில் உள்ள துளைகளில் போய் உட்காரும். இந்த டயலுக்குக் கால்களே இல்லை. நறுக்கியிருந்தார்கள். நறுக்கிய அடையாளம் இரண்டு பக்கமும் பளபளவென்று தெரிந்தது. அதற்குப் பதிலாக மெஷின் மேல் இரண்டு வட்டமான பசைத் துண்டு. வேறு மெஷினுக்கான டயலை இங்கே ஒட்டிவிட்டிருக்கிறார்கள். பழைய அட்டைக்குள் புது நோட்டைத் தைத்த கதை.

மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முள் மூன்றும் புதுசு. பெசல் வளையத்துக்குள் இருக்கும் கறுப்புத் தகடும் புதுசு, விற்றவர் சொன்ன முத்தோடு அது நிற்கவில்லை. சாவியும் வெளியில் செய்தது. கேஸின் விளிம்புகள் பஃப் அடித்துக் கரைந்துபோயிருந்தன. பின்மூடி வாஷர் காய்ந்து நொறுங்குகிறது. 150 மீட்டரை விடுங்கள், கட்டிக்கொண்டு கை கழுவவே பயம். கேஸ், மூடி, மெஷின் மூன்றும்தான் பழசு.

ஒன்று சொல்லியாக வேண்டும். பாகம் மாற்றியதில் எனக்குக் கோபம் இல்லை. அந்தக் காலத்தில் சர்வீஸுக்குப் போன டைவ் வாட்சுக்குக் கம்பெனியே புது டயல், புது முள் போட்டு அனுப்பியது உண்டு. அன்றைக்கு அது பழைய பொருள் இல்லை, வேலை செய்யும் கருவி. தண்ணீரில் இறங்கிக் கட்ட வேண்டுமென்றால் புது வாஷரும் புது கிளாஸும் இருக்கிற வாட்ச்தான் நல்லது. “டயல், முள், பெசல் தகடு வெளியில் செய்தவை” என்று ஒரு வரி போட்டிருந்தால் அதற்குரிய விலை கொடுத்துச் சந்தோஷமாக வாங்கிக் கட்டியிருப்பேன். கைபடாத வாட்சின் விலையை வாங்கிக்கொண்டு கோத்துக் கட்டிய வாட்சைக் கொடுத்ததற்குத்தான் இந்தக் கத்தல். இரண்டு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி அந்த ‘ஒரிஜினல்’ என்ற ஒரு வார்த்தைக்குக் கொடுத்தது.

சரி, விற்றவரிடம் கேட்டால் என்ன சொன்னார்? முதலில் “அண்ணா, விண்டேஜ்னா அப்படித்தான், நீங்க ரொம்ப நுணுக்கமா பாக்குறீங்க.” கால் நறுக்கிய படத்தை அனுப்பியதும் அண்ணா போய் சார் வந்தது. “சார், நீங்க வெளியில குடுத்துத் திறந்துட்டீங்க. இனிமே யார் எதை மாத்தினாங்கன்னு நான் எப்படி நம்பறது?” இதைக் கேட்டபோது எனக்குக் கை நடுங்கியது. என் மேலேயே திருப்புகிறார். பின்மூடியைக் கழற்றி வீடியோ எடுத்தது அவர், நான் திறந்தால் மட்டும் குற்றம். அப்புறம் இன்னொரு விளக்கம்: ஒரிஜினல் என்று அவர் சொன்னது கேஸையும் மெஷினையும்தானாம். விளம்பரத்தில் டயல், முள் என்று பெயர் சொல்லி எழுதியிருந்ததே என்று போய்ப் பார்த்தால் அந்த வரியைக் காணோம், மாற்றிவிட்டார். கடைசியில் பெரிய மனது பண்ணி ஒரு ரப்பர் ஸ்ட்ராப் இலவசமாக அனுப்புவதாகச் சொன்னார். இரண்டு மாதச் சம்பளத்துக்கு ஒரு ரப்பர் ஸ்ட்ராப்! அதற்குப் பிறகு பதிலே இல்லை.

விற்பனைத் தளத்தின் புகார்ப் பிரிவு இன்னும் அழகு. பொருள் வந்து சேர்ந்தது, ஓடுகிறது, ஆகவே “விவரணைக்கு மாறானது என்று கருத இடமில்லை.” பழுது பார்ப்பவர் எழுதிக் கொடுத்த சீட்டு செல்லாது, தயாரித்த கம்பெனியின் சான்று வேண்டுமாம். எப்போதோ நிறுத்திவிட்ட மாடலுக்குக் கம்பெனிச் சான்றை எங்கே போய் வாங்குவது? விற்றவர் ஃபோனில் சொன்னதெல்லாம் கணக்கில் வராது, தளத்துக்குள் எழுத்தில் இருந்தால் மட்டும் பார்ப்பார்களாம். எல்லாப் பதிலும் “உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்” என்று முடிகிறது. வருந்தட்டும்.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்கு மனசு இல்லை. அவசரமாக நாலு விஷயம். டயலின் அடி விளிம்பை நெருக்கத்தில் படம் கேளுங்கள், எழுத்து மங்கினாலோ மறைந்தாலோ விட்டுவிடுங்கள். இருட்டறையில் டார்ச் அடித்து எத்தனை நேரம் எரிகிறது என்று வீடியோ கேளுங்கள். முள்ளும் டயலும் ஒரே மாதிரி மங்கியிருக்கிறதா என்று பாருங்கள், படத்தில் மட்டும் இல்லை, வீடியோவிலும். விளம்பரத்தை அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு பாகத்தையும் பெயர் சொல்லி “இது மாற்றியதா, இல்லையா” என்று தளத்துக்குள்ளேயே எழுத்தில் பதில் வாங்குங்கள். ஃபோனில் அழைத்தால் எடுக்காதீர்கள். நாலு என்றேன், அஞ்சாறு ஆகிவிட்டது. எனக்கு இன்னொரு மேல்முறையீட்டுப் படிவம் பாக்கி இருக்கிறது, மீதியைக் கமெண்டில் கேளுங்கள்.