லீவில் கண் வறட்சிக்கு ஐபிஎல்: தேதியும் தோலும்

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வரும் லீவில் கண் வறட்சிக்கு ஐபிஎல் எனப்படும் (இன்டென்ஸ் பல்ஸ்டு லைட், விட்டுவிட்டு அடிக்கும் தீவிர ஒளி) ஒளிச் சிகிச்சை செய்துகொள்ள நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது காலண்டரை. வழக்கமாக 4 அமர்வுகள், ஒவ்வொன்றுக்கும் நடுவே 2 முதல் 4 வாரம் இடைவெளி. ஆக, குறைந்தது 6 வாரம். மூன்று வார லீவில் இரண்டு அமர்வுதான் முடியும். நாலையும் நெருக்கிப் போட்டுத் தருகிறோம் என்று சொல்லும் இடத்தை நம்ப வேண்டாம்.

பணம் கட்டுமுன் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். ஐபிஎல் உதவுவது இமை விளிம்பிலுள்ள மெய்போமியன் எண்ணெய்ச் சுரப்பிகள் அடைபட்டதால் வரும் வறட்சிக்கு. கண்ணீரை அளக்கக் கீழிமையில் வைக்கும் ஷர்மர் தாள் 5 நிமிடத்தில் 5 மி.மீ.கூட நனையவில்லை என்றால் கண்ணீர்ச் சுரப்பே குறைவு. அங்கே இந்த ஒளியால் பெரிய பயன் இல்லை. அந்தச் சுரப்பிகளைக் காட்டும் மெய்போகிராஃபி படமும் கேளுங்கள். அடைத்த சுரப்பியைத் திறக்கலாம், சுருங்கி அழிந்துபோனதைத் திரும்ப வரவழைப்பது கடினம்.

நம்மவர்களுக்கு முக்கியமான விஷயம் தோல் நிறம். ஒளி குறிவைப்பது இமையோரத்து அழற்சி ரத்தக்குழாய்களை. ஆனால் தோலுக்கு நிறம் தரும் மெலனினும் அதே ஒளியை உறிஞ்சும். 2021இல் அமெரிக்காவில் இதற்கென அனுமதி பெற்ற கருவிகூட ஃபிட்ஸ்பேட்ரிக் அளவுகோலில் (மிக வெளுத்தது 1, மிகக் கறுத்தது 6) 1 முதல் 4 வரையிலான தோலுக்குத்தான். மாநிறத்தைத் தாண்டிய தோலில் கொப்புளமும் மாதக்கணக்கில் மறையாத கரும்படையும் வரலாம். வெயிலில் அலைந்து கறுத்திருந்தால் ஆபத்து இன்னும் கூடும். அதனால் சிகிச்சைக் காலத்தில் கடற்கரைச் சுற்றலைத் தவிர்த்துவிடுங்கள். நிறம் அடர்த்தியாக இருந்தால் 633 நானோமீட்டர் சிவப்பு ஒளி முகமூடி பற்றிக் கேட்கலாம். சுமார் 15 நிமிடம் போட்டிருப்பது. அதற்கு நிறம் தடையில்லை.

டாக்ஸிசைக்ளின் (ஆன்டிபயாடிக்), ஐசோட்ரெட்டினோயின் (முகப்பரு மருந்து) சாப்பிடுகிறீர்களா, கர்ப்பமா, லூபஸ் எனும் நோயெதிர்ப்புக் கோளாறு உண்டா, ஒளி பட்டால் வலிப்பு வருமா என்று யாரும் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லிவிடுங்கள். இமையில் குத்திய பச்சையும் கணக்கில் சேரும், நிறமி சூடேறும்.

சிகிச்சை நாளில் லென்ஸ், மேக்கப் இரண்டும் கூடாது. ஒளி புகாத கவசத்தால் கண்ணை மூடி, கன்னத்தில் ஜெல் பூசி, ஒரு காதோரத்தில் தொடங்கி மூக்கு வழியாக மறு காதோரம் வரை ஃபிளாஷ் அடிப்பார்கள். ரப்பர் பேண்டால் சுண்டியது போல இருக்கும். எரிச்சல் தாங்கவில்லை என்றால் உடனே சொல்லுங்கள், பல்லைக் கடித்துப் பொறுக்கும் இடமல்ல இது. இமைக்கு வெளியே வைக்கும் சாதாரணக் கவசத்தோடு மேலிமையின் மீது அடிக்க வந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். இமை வழியே ஒளி புகுந்து கருவிழித் திரை (ஐரிஸ்) பாதிக்கப்பட்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. அடுத்து ஃபோர்செப்ஸ் எனும் இடுக்கியால் இமையைப் பிழிந்து எண்ணெயை வெளியேற்றுவார்கள். இதைத் தவிர்க்கும் இடங்களில் பாதி வேலைதான் நடக்கிறது.

மீதி அமர்வுகளை வேலை பார்க்கும் நாட்டில் தொடர ஒளி வடிகட்டும் ஃபில்டர், ஜூல் அளவு (ஒளியின் ஆற்றல்), ஃபிளாஷ் எண்ணிக்கை மூன்றையும் எழுதி வாங்குங்கள். வெறும் பில்லை வைத்து அடுத்த மருத்துவர் எதையும் தீர்மானிக்க முடியாது. பலன் பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் அமர்வுக்குப் பிறகே தெரியும். சொட்டு மருந்தையும் வெந்நீர் ஒத்தடத்தையும் அதுவரை விட்டுவிடாதீர்கள்.