சைக்கிளும் எண்ணெய்க் கரண்டியும்: பர்மாவின் மௌல்மேனில் இரண்டு வருடம்

94 கிலோவில் ஆரம்பித்தேன், இப்போது 79. இரண்டு வருடம் ஆகிவிட்டது. "சைக்கிள் ஓட்டியே இளைச்சிட்டீங்களாண்ணே?" என்று கடைத்தெருவில் கேட்கிறார்கள். இளைக்க வைத்தது பெரும்பாலும் சாப்பாட்டுக் கணக்குதான். சைக்கிளின் பெருமை வேறு.

வண்டி ஜப்பானிலிருந்து வந்த பழசு. மூன்று கியர், முன்னால் கூடை. சீட் மட்டும் மாற்றினேன். பழைய சீட்டில் அரை மணி நேரம் உட்கார முடியாது. காலையில் ஸ்ட்ராண்ட் ரோட்டில் ஆற்றோரமாகப் போவேன், ஞாயிற்றுக்கிழமை என்றால் பக்கத்து ஊரான முடோன் பக்கம். என் எடைக்கு, மிதமான வேகத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 500 கலோரி செலவாகும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓட்டிவிட்டு வந்தால் பசி வயிற்றைக் கிள்ளும். மொஹிங்காவில் (மீன் குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ்) பொரித்த சுரைக்காயைப் பிய்த்துப் போட்டு, கூடவே கன்டென்ஸ்டு மில்க் டீயும் குடித்தால் ஓட்டியதெல்லாம் அங்கேயே சரியாகிவிடும். இப்போது பொரித்தது எதுவும் கிடையாது. டீக்கடை மேசையில் சும்மா வைக்கிற வெறும் தேநீரே போதும்.

பெரிய வேலை வீட்டு அடுப்பில்தான். பர்மியக் கறி என்றால் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்க வேண்டும். இங்கேயே பிறந்து வளர்ந்த நம் வீட்டுக் குழம்புக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி. கடலை எண்ணெயைப் பாட்டிலோடு சட்டியில் சாய்ப்பதை நிறுத்தி, கரண்டியால் அளந்து ஊற்றச் சொன்னேன். "எண்ணெய் மிதக்காதது குழம்பா, கழுவின தண்ணியா?" என்றார் அம்மா. இன்றைக்கும் அவருக்குத் தனிச் சட்டிதான்.

போனில் கலோரி கணக்குப் போடும் செயலி கிராமில் கேட்கும், சந்தையில் வீசையில் தருவார்கள். ஒரு வீசை 1.63 கிலோ. கால் வீசை மீன் என்றால் 400 கிராம் என்று போட்டுக்கொள்வேன், அவ்வளவு துல்லியம் போதும். பங்குனி உத்திர அன்னதானத்தன்று கணக்கே கிடையாது.

உண்மையான சோதனை மழைக்காலம். எங்கள் ஊரில் வருடத்துக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது, அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பருக்குள். அந்த மாதங்களில் வண்டி திண்ணையில் கிடந்து செயின் துருப்பிடித்தது. சாப்பாட்டு அளவு மாறாததால் எடை ஏறவில்லை. ஆனால் தூக்கம் கெட்டது, முழங்கால் இறுகியது, சாப்பிட்டபின் பார்க்கும் சர்க்கரையும் கூடியது. மழை விட்டு மறுபடி மிதிக்க ஆரம்பித்ததும் மூன்றும் ஒவ்வொன்றாகச் சரியாகின. வண்டியை வைத்திருப்பது இதற்காகத்தான். வாங்குகிறவர்கள் மழைக்கு முன்பே செயினுக்கு நன்றாக எண்ணெய் போட்டு வையுங்கள். அங்கே அளவு பார்க்க வேண்டாம்!

79-க்கு வந்தபின் முள் அசையவில்லை. உடம்பு இளைக்க இளைக்க அதற்கு வேண்டிய கலோரியும் குறைந்துவிடும். பழைய அளவே சாப்பிட்டால் எடை அப்படியே நிற்கும். இன்னும் இறங்க வேண்டுமானால் சோற்றில் கை வைக்க வேண்டும். எனக்கு மனமில்லை. டாக்டரும் இது போதும் என்றுவிட்டார்.