மலையேறிய ஸ்கேனர்: கேனான் லைட் (LiDE) 300

ஏற்காட்டில் அம்மாயி வீட்டில் தாத்தாவுக்குத் தனிப்படம் கிடையாது. இருப்பது ஏரிக்கரையில் ஏழு பேர் நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றுதான், மூன்றரைக்கு ஐந்து இன்ச். அதிலிருந்து அவரை மட்டும் பிரித்துப் பெரிதாக்கித் திதிக்கு முன் மாட்ட வேண்டும் என்றார்கள்.

முதல் தடவை படத்தை இரவல் வாங்கிவந்து சேலம் டவுனில் ஒரு கடையில் கொடுத்தேன். பெயர் வேண்டாம். 12க்கு 18ல் வந்த படத்தில் மூக்கைத் தேட வேண்டியிருந்தது. கேட்டால், "300ல ஸ்கேன் பண்ணோம் சார், எல்லாத்துக்கும் அதான்" என்றார். படத்தை அதே அளவில் திரும்ப அச்சடிக்க 300 டிபிஐ, அதாவது இன்ச்சுக்கு 300 புள்ளி, போதும். ஆனால் தாத்தா நிற்கும் இடம் ஒரு இன்ச் அகலம், ஒன்றரை இன்ச் உயரம். அகலத்துக்குக் கிடைப்பதே 300 புள்ளி. 12 இன்ச்சுக்கு இழுத்தால் இன்ச்சுக்கு 25 புள்ளி. மூக்கு எங்கிருந்து வரும்?

அந்தக் கோபத்தில் வாங்கியதுதான் இந்த ஸ்கேனர். படத்தை இன்னொரு முறை கீழே அனுப்ப அம்மாயி சம்மதிக்கவில்லை. அதனால் ஸ்கேனரை மேலே கொண்டுபோனேன். எடை 1.7 கிலோதான், பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவும் மடியிலேயே வந்தது. மின்சாரமும் யுஎஸ்பி ஒயரிலேயே வருவதால் தனி பிளக் வேண்டாம். அன்று மதியம் கரண்ட் போனபோதும் லேப்டாப் பேட்டரியில் வேலை நடந்தது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது இதுதான், டிபிஐ எல்லாம் அப்புறம்.

இதன் நிஜமான அளவு 2400 டிபிஐ. எந்த ஸ்கேனரானாலும் அதன் நிஜமான அளவைவிடப் பெரிய எண் மென்பொருளில் தெரிந்தால், லென்ஸும் சென்சாரும் பார்க்காத புள்ளிகளைக் கணக்குப் போட்டு நிரப்புவதுதான் அது. 12க்கு 18 ஆசையை விட்டு 8க்கு 12 என்று முடிவுசெய்தேன். எட்டு மடங்கு பெரிதாக்க வேண்டும். அச்சில் இன்ச்சுக்கு 300 புள்ளி வேண்டுமென்றால் எட்டால் பெருக்கி 2400. சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு 150 போதும் என்றால் 1200.

600, 1200, 2400 மூன்றிலும் எடுத்தேன். முகத்தை மட்டும் வெட்டி, கடைசியில் வரப்போகும் அதே பெரிய அளவில் 4க்கு 6 தாளில் மூன்று பிரிண்ட். பெரிய பிரிண்டுக்குப் பணம் கட்டுமுன் இதைச் செய்துபாருங்கள். 600க்கும் 1200க்கும் வித்தியாசம் தெரிந்தது, சட்டைப் பையில் பேனா இருப்பதே 1200ல்தான் புரிந்தது. 2400ல் தாத்தா கூடவில்லை. தாளின் சொரசொரப்பும், ஏற்காட்டு ஈரத்தில் பூத்த பூஞ்சைப் புள்ளிகளும்தான் கூடின. பழைய பிரிண்டில் இல்லாததை எந்த எண்ணும் கொண்டுவராது. முழுப் படமும் 1200ல் சுமார் 75 எம்பி. 2400ல் நாலு மடங்கு, 300 எம்பி. சுருக்காத டிஃப் கோப்புக்கு இந்தக் கணக்கு.

கறுப்பு வெள்ளைதானே என்று கிரேயில் எடுக்காதீர்கள். கலர் படம் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனலாகப் பதிவாகும். கலரில் எடுத்துவிட்டு, படத்தைத் திருத்தும் மென்பொருளில் சிவப்புச் சேனலை மட்டும் வைத்துக்கொண்டால் மஞ்சள் கறை பெருமளவு மங்கிவிடுகிறது.

குறை என்றால், இது சிஐஎஸ் வகை, சென்சார் கண்ணாடியை ஒட்டியே ஓடும். கண்ணாடியில் படிந்த பகுதிதான் கூர்மையாக விழும், சுருண்ட ஓரம் மங்கும். மேலே துணி வைத்து மூடியை மெல்ல அழுத்தினேன். "பாத்து கண்ணு, ஒடிஞ்சிரப் போகுது" என்று அம்மாயி பக்கத்திலேயே நின்றார்.

அந்த 1200 கோப்பைத்தான் வேறொரு லேபில் மேட் தாளில் போட்டு மாட்டியிருக்கிறோம். நெகட்டிவ் வைத்திருப்பவர்கள் இதை வாங்க வேண்டாம். மூடியில் விளக்கு இல்லை, ஃபிலிமை இதில் எடுக்க முடியாது. அம்மாயியின் பிஸ்கட் டப்பாவில் ஒரு கவர் நெகட்டிவ் கிடைத்திருக்கிறது, அதற்கு வேறு மெஷின்தான் தேட வேண்டும்.