உயிலா, செட்டில்மெண்டா? சத்துவாச்சாரி வீட்டுக்காக ஓர் அலசல்

எங்கள் சத்துவாச்சாரி வீட்டு மனையின் கிரயப் பத்திரத்தில் ‘வட ஆற்காடு மாவட்டம்’ என்றுதான் இருக்கிறது. அப்பா 1986-இல் வாங்கியபோது வேலூர் தனி மாவட்டம் ஆகவில்லை. போன மாதம் அந்தப் பத்திரத்தை விரித்து வைத்துக்கொண்டு, “உயில் எழுதட்டுமா, செட்டில்மெண்ட் செய்துவிடட்டுமா?” என்று கேட்டார்.

செட்டில்மெண்ட் என்பது உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுக்கும் பத்திரம். அது பதிவான அன்றே சொத்து பிள்ளையுடையது. வில்லங்கச் சான்றில் ஏறிவிடும், பட்டா மாற்றமும் எளிது. மனம் மாறினாலும் எழுதிக் கொடுத்தவர் தாமாகப் போய் ரத்து செய்துவிட முடியாது. உயில் அப்படியல்ல. அவர் காலத்துக்குப் பிறகே அது உயிர்பெறும். அதுவரை வீட்டை விற்கலாம், அடமானம் வைக்கலாம், உயிலையே மாற்றி எழுதலாம். முந்தையது பதிவான உயிலாக இருந்தாலும் கடைசியாக எழுதியதே செல்லும்.

செலவில் உயிலுக்குத்தான் லாபம். வெள்ளைத்தாள் போதும், பதிவும் கட்டாயமில்லை. குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்கு, 2023 ஜூலையில் உயர்த்திய கணக்குப்படி, முத்திரைத்தீர்வை ஒரு சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக்கட்டணம் ஒரு சதவீதம், உச்சவரம்பு 10,000.

உயிலின் பலவீனம் பிறகுதான் தெரியும். வழக்கு வந்தால், கையெழுத்திட்ட இரண்டு சாட்சிகளில் ஒருவராவது நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டும். அப்பா வயதுள்ள நண்பர்களையே சாட்சியாகப் போடுவது பெரிய தவறு.

ஆனாலும் நான் உயில் பக்கம் சாய்வதற்குக் காரணம் காட்பாடி அத்தை. இருந்த ஒரே வீட்டை மகனுக்குச் செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தார். அடுத்த பொங்கலுக்குள் மாடி வாடகை அவர் கைக்கு வருவது நின்றுபோனது. மருந்துச் சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு எங்கள் வாசலில் அவர் நின்றதை என்னால் மறக்க முடியவில்லை. 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவில் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்து அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். ‘என்னைப் பராமரிக்க வேண்டும்’ என்ற ஒரு வரி பத்திரத்தில் இருந்திருந்தால் அவருடைய வழி எவ்வளவோ சுலபமாகியிருக்கும்.

கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்பவர்கள் அந்த வரியோடு, உயிருள்ளவரை குடியிருக்கவும் வாடகை வாங்கவும் உள்ள வாழ்நாள் அனுபவ உரிமையையும் தங்களுக்கு வைத்துக்கொண்டு எழுதட்டும்.

இவ்வளவும் சுயசம்பாத்தியத்துக்குத்தான். குடியாத்தம் பக்கம் உள்ள பூர்வீக நிலத்தில் அப்பா தம் பங்கை மட்டுமே எழுத முடியும். அதில் என் தங்கைக்கும் எனக்குச் சமமான பங்கு உண்டு: தமிழ்நாடு 1989-இலேயே திருமணமாகாத மகள்களுக்கு அந்த உரிமையைக் கொடுத்தது, 2005-இல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. மேல்விஷாரம் நண்பர் வீட்டில் கணக்கே வேறு. இஸ்லாமியச் சட்டப்படி, வாரிசுகள் சம்மதிக்காவிட்டால் உயிலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத முடியாது.

அப்பா உயில்தான் எழுதுகிறார், பதிவும் செய்யப்போகிறார். சாட்சிகள் இருவரும் அவரைவிட இருபது வயது இளையவர்கள். சொத்து விவரத்தில் ‘பழைய வட ஆற்காடு மாவட்டம், தற்போது வேலூர் மாவட்டம்’ என்று சேர்க்கும்படி பத்திர எழுத்தரிடம் சொல்லியிருக்கிறோம்.