பிரேக்குக்குக் கம்பெனி லீவர், கிளட்சுக்கு வெளி லீவர்

யமஹா ஆர்15 வி3 வாங்கியவர்கள் சைலன்சருக்கு அடுத்தபடியாகக் கை வைக்கும் இடம் பிரேக், கிளட்ச் லீவர். அதற்கு அழகு மட்டும் காரணம் இல்லை. 2018-இல் வந்த இந்த வண்டியின் லீவரைக் கைக்கு ஏற்றபடி நெருக்கவோ தள்ளவோ வழி கிடையாது. ஓசூரில் தயாராகும் அப்பாச்சி ஆர்டிஆர் 200-இல்கூட அந்த வசதி வந்துவிட்டது. விரல் குட்டையாக இருப்பவர் ஆர்15-இல் ஒவ்வொரு முறையும் எட்டித்தான் பிடிக்க வேண்டும். நானும் அந்த ரகம்.

மாற்றலாம் என்று இறங்கினால் கண்ணில் படுவது மூன்று வழிகள். ஒன்று, உள்ளதையே வைத்துக்கொள்வது. உடைந்தால் சில நூறு ரூபாய்க்கு அதே லீவர் எந்த ஊரிலும் கிடைக்கும். இரண்டு, ஆன்லைனிலும் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளிலும் தொங்கும் சிஎன்சி (கம்ப்யூட்டர் இயக்கும் மெஷினில் கடைந்த) லீவர் ஜோடி. ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும், மடங்கும், ஆறேழு நிலைகளில் தள்ளி வைக்கலாம். மூன்று, ஏஎஸ்வி, ரிசோமா, பூய்க் மாதிரி வெளிநாட்டுப் பிராண்டுகள். பத்தாயிரத்துக்கு மேல் எடுத்து வைக்க வேண்டும்.

எனக்குச் சரிப்பட்டது நாலாவது வழி. பிரேக் பக்கம் கம்பெனி லீவரைத் தொடவில்லை, கிளட்ச் பக்கம் மட்டும் சிஎன்சி லீவர். இடது பக்கம் சிவப்பு, வலது பக்கம் கறுப்பு என்று வண்டி நிற்பதைப் பார்த்து நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும்.

நிறம், பளபளப்பு பற்றியெல்லாம் ரொம்பப் பேச வேண்டாம். மலிவான லீவரின் சிவப்பு நம்ம ஊர் வெயிலில் வெளிறி ரோஸ் ஆகிவிடும், கறுப்பு கொஞ்சம் தாங்கும். ‘6061 அலுமினியம்’ என்று ஒரு உலோகக் கலவையின் பெயரைப் பெட்டியில் எல்லாரும்தான் போட்டுக்கொள்கிறார்கள், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மடங்கும் லீவரால் லாபம் உண்டு. நின்ற இடத்தில் வண்டி சாய்ந்தால் லீவர் மேல்நோக்கி மடிந்து தப்பித்துவிடும். முனையை மட்டும் பாருங்கள். பந்தய வண்டிகளின் லீவர் முனையில் குறைந்தது 16 மி.மீ. விட்டத்துக்கு உருண்டை இருக்க வேண்டும் என்பது உலக மோட்டார்சைக்கிள் பந்தய அமைப்பான எஃப்ஐஎம்மின் விதி. விழும்போது லீவர் உடம்பில் குத்தி இறங்கக் கூடாது என்பதற்காகத்தான் அது. சில குட்டை லீவர்களின் முனை கூராகவே இருக்கிறது. அதை வாங்கவே வாங்காதீர்கள்.

இனி முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன். பிரேக் லீவர், ஆயிலை அழுத்திச் சக்கரத்துக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தொடும் இடம் அது. படத்தில் தெரியாது, விளம்பரத்திலும் வராது.

பிரேக் லீவரை விட்டதும் பிஸ்டன் முழுசாகப் பின்னால் வந்து நிற்க வேண்டும். அப்படி நின்றால்தான் மேலே இருக்கும் ஆயில் டப்பாவுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உள்ள ஒரு சின்னத் துளை திறந்திருக்கும். பிரேக் பிடிக்கப் பிடிக்க, சக்கரத்து டிஸ்க்கைப் பேடால் இறுக்கும் காலிப்பர் சூடாகும், ஆயில் விரியும். விரிந்த ஆயில் அந்தத் துளை வழியாக டப்பாவுக்குத் திரும்பிவிடும். லீவரின் உள்முனை ஒரு மில்லிமீட்டர் நீளமாக இருந்து, கையை எடுத்த பிறகும் பிஸ்டனை லேசாக அழுத்திக்கொண்டே இருந்தால் துளை மூடியே இருக்கும். விரிந்த ஆயிலுக்குப் போக இடம் இல்லாமல் பேடைத் தள்ளும். பேட் டிஸ்க்கில் உரசும், சூடு ஏறும், ஆயில் இன்னும் விரியும். கடைசியில் நீங்கள் லீவரைத் தொடாமலே முன்சக்கரம் பிடித்துக்கொள்ளும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பெட்ரோல் போடப் போய் வரும் தூரத்தில் இந்தக் கோளாறு தெரியவே தெரியாது.

கண்டுபிடிக்கும் வழி ஒன்றும் கஷ்டம் இல்லை. ஹேண்டில்பாரைத் திருப்பி ஆயில் டப்பாவை மட்டமாக்கி, சுற்றிலும் ஈரத்துணி போட்டுவிட்டு மூடியைக் கழற்றுங்கள். பிரேக் ஆயில் பட்டால் பெயின்ட் உரிந்துவிடும், அதற்குத்தான் துணி. லீவரை மெதுவாக, கொஞ்சமே கொஞ்சம் இழுங்கள். இழுக்க ஆரம்பித்ததுமே டப்பாவின் அடியில் ஆயில் லேசாகக் கொப்பளித்தால் துளை திறந்திருக்கிறது என்று அர்த்தம். கொப்பளிக்கவில்லை என்றால் அந்த லீவரோடு ரோட்டுக்குப் போக வேண்டாம். நான் வாங்கிய ஜோடியின் பிரேக் லீவரில் கொப்பளிப்பு வரவில்லை. கம்பெனி லீவரைத் திரும்ப மாட்டிப் பார்த்தேன், உடனே வந்தது. கடைக்காரர் ‘உள்முனையை அரம் போட்டுத் தேய்த்தால் சரியாகிவிடும்’ என்றார். பிரேக்கில் அரம் வேலை எனக்கு ஒத்துவராது. அந்த லீவர் இன்னும் வாங்கிய பெட்டியில்தான் கிடக்கிறது.

பிரேக் விளக்கு ஸ்விட்சும் இதே இடத்துச் சமாச்சாரம்தான். ஸ்விட்சைத் தொடும் லீவரின் நாக்கு அளவு தப்பினால் பின்விளக்கு எப்போதும் எரியும், அல்லது பிரேக் நன்றாகப் பிடித்த பிறகுதான் எரியும். பின்னால் வருகிற லாரிக்காரருக்கு இரண்டுமே ஆபத்தான தகவல்.

கிளட்ச் பக்கம் ஏன் தைரியமாக மாற்றினேன் என்றால், அங்கே ஆயில் இல்லை, வெறும் வயர். அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் அட்ஜஸ்டரில் சரிசெய்துகொள்ளலாம். சரியாகவில்லை என்றால் வண்டியே காட்டிக்கொடுத்துவிடும்: சிக்னலில் நியூட்ரல் விழாது, முதல் கியரில் கிளட்சை முழுசாகப் பிடித்தும் வண்டி நகரப் பார்க்கும். லீவர் அச்சுக்கும் வயர் மாட்டும் ஓட்டைக்கும் உள்ள இடைவெளி கம்பெனி லீவரைவிடக் குறைவாக இருந்தால் அப்படி ஆகும். வாங்கும்போதே பழைய லீவரைக் கொண்டுபோய் இரண்டையும் அடுக்கி வைத்துப் பார்த்துவிடுங்கள். மாட்டிய பிறகு லீவர் முனையில் சுமார் 10 முதல் 15 மி.மீ. வரை ப்ளே (வயர் இறுகும் முன் லீவர் சும்மா அசையும் தூரம்) இருக்க வேண்டும். ப்ளேயே இல்லாமல் இறுக்கி வைத்தால் கிளட்ச் பிளேட் வழுக்கித் தேய்ந்துவிடும். ரொம்ப நெருக்கமான நிலையில் வைத்தால் இன்னொரு சிக்கல்: கிளட்ச் முழுசாக விடுபடும் முன்னாலேயே லீவர் கைப்பிடியில் இடித்துவிடும்.

குட்டையா, முழு நீளமா? கிளட்சுக்கு முழு நீளம் என்பதே என் கட்சி. குட்டை லீவரில் விரல் அச்சுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. 120 மி.மீ. தள்ளி இழுத்த விரல் 100 மி.மீ.க்கு வந்தால் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் பலம் கொடுக்க வேண்டும். ஆர்15 வி3-இல் லீவர் இழுக்கும் பலத்தைக் குறைக்கும் அசிஸ்ட் கிளட்ச் இருப்பதால் மிருதுவாகத்தான் இருக்கும், ஆனாலும் சாயங்காலம் கிண்டியைத் தாண்டுவதற்குள் அந்த ஐந்தில் ஒரு பங்கு மணிக்கட்டில் தெரியும். டிராக்கில் ஓட்டுகிறவருக்குக் குட்டை லீவர் பிடிக்கும். இரண்டு விரலில் பிடித்து மற்ற விரல்கள் கைப்பிடியிலேயே இருக்கும், அது வேறு கணக்கு.

பிராண்ட் லீவரைப் பற்றி என்னால் அதிகம் சொல்ல முடியாது, நண்பர் வண்டியில் ஓட்டிப் பார்த்ததோடு சரி. அச்சில் மேலும் கீழும் ஆட்டமே இல்லை. அட்ஜஸ்டர் ஒவ்வொரு நிலையிலும் ‘டக்’கென்று உட்காருகிறது. ஏஎஸ்வி கிளட்ச் லீவரின் அச்சில் பேரிங்கே வைத்திருக்கிறார்கள். மழையிலும் புழுதியிலும் சில வருஷம் ஓடிய பிறகு அது எப்படி இருக்கும் என்று சொல்லும் அளவுக்கு எனக்குப் பழக்கம் இல்லை. பிரேக் பக்கமும் மாற்றியே ஆக வேண்டும் என்பவர் இந்த வழியில்தான் போக வேண்டும், உங்கள் மாடலும் ஆண்டும் அவர்கள் பட்டியலில் இருந்தால் மட்டும். ‘எல்லா வண்டிக்கும் பொருந்தும்’ என்று எழுதியிருந்தால் நகர்ந்துவிடுங்கள்.

பராமரிப்பில் சிஎன்சி லீவர் கொஞ்சம் வேலை வாங்கும். மடங்கும் மூட்டிலும் அட்ஜஸ்டரிலும் மண் சேரும், அடைமழைக் காலம் முடிந்ததும் ஒருமுறை கழற்றித் துடைக்க வேண்டும். அச்சு போல்ட்டுக்குச் சாதாரண கிரீஸ் போதும். பிரேக் பக்கம் பிஸ்டனைத் தொடும் முனைக்கு மட்டும் சிலிகான் கிரீஸ்தான்; பெட்ரோலிய கிரீஸ் பட்டால் அங்குள்ள ரப்பர் உப்பிவிடும். போல்ட்டை இறுக்கும்போது லீவர் தாராளமாக அசைகிறதா என்று பார்த்து, அப்புறம் அடியில் உள்ள நட்டைப் பூட்டுங்கள். லீவர் இறுகி நின்றுவிட்டால் பிரேக்கில் மறுபடி அதே உரசல் கதைதான்.

2017-க்கு அப்புறம் வந்த கேடிஎம் ஆர்சி 390 வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி பாதிதான். கம்பெனி லீவரே தள்ளி நெருக்கும் வசதியோடு வருகிறது. மடங்குகிற லீவர்தான் வேண்டும் என்றால் ஒழிய அதைக் கழற்ற வேண்டிய அவசியமே இல்லை.